கூட்டில் இல்லாத முட்டை

"கோழி நாள்தோறும் முட்டை இடும். இன்று கூட்டில் முட்டை இல்லை. ஆகையால் யாரோ அதை எடுத்துக்கொண்டார். இவ்வாறு ஒருவர் சொல்கிறார். அவர் வாயால் சொல்லாமல் மனத்தில் வைத்துக்கொண்டது என்ன? யோசித்துச் சொல்."

இவ்வளவையும் ஏட்டுத் தமிழில், வழுக்குப் பாறையில் கால் வைத்து இறங்குகிறவரைப் போல ஒவ்வொரு சொல்லாக இறங்கி வந்து சொல்லி முடித்துவிட்டு, வெள்ளைக்காரத் துரை குதிரையைத் திருப்பிக்கொண்டு மூடுபனிக்குள் மறைந்தார். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை முருகையா நின்ற இடத்திலேயே நின்றார். பேர் கூப்பிட்டு முடிந்து, ஆட்கள் எல்லாரும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்கள். தப்பு அடித்தவர்கூடத் தோலைச் சூடு காட்ட நெருப்பைத் தேடிப் போய்விட்டார். முருகையாவின் காலுக்குத்தான் அசைவு வரவில்லை.

தோட்டத்தில் துரை ஒரு கேள்வி கேட்டால் அது கேள்வி அன்று, குற்றச்சாட்டு. லுணுகலைக்கு மேலே இருந்த அந்த மலைத்தோட்டத்தில் தவழும் பிள்ளைக்கும் இது தெரியும். "ஸ்டோர்க் கதவு பூட்டியாச்சா?" என்று துரை கேட்டால், கதவு திறந்து கிடக்கிறது என்று பொருள். தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக எந்தத் துரையும் ஒரு கணக்கப்பிள்ளையிடம் வாய் திறந்ததாக வரலாறு இல்லை. ஆகவே, பங்களாவில் முட்டை களவு போயிருக்கிறது. எவனோ ஒருவன் துரையின் காதில் கோள் சொல்லியிருக்கிறான். கள்ளனின் பெயரை மட்டும் மனத்துக்குள் வைத்துக்கொண்டு அவரைத் தவிக்க விட்டிருக்கிறான். அந்தப் பெயரை முருகையாவின் வாயிலிருந்தே வரவழைக்கத் துரை பார்க்கிறார். முருகையாவுக்கு இதில் எள்ளளவும் ஐயம் இல்லை.

இரயில் பதுளைக்கு வந்து சேராத காலம் அது. சீமையிலிருந்து வருவன எல்லாம் பண்டாரவளை வரையில் புகைவண்டியில் வந்து, பிறகு மாட்டுவண்டியில் ஆடி அசைந்து மலைகளைச் சுற்றிக்கொண்டு வரும். அக்காலத்து மூடுபனிக்கும் ஒரு நிதானம் இருந்தது. விடியலில் இறங்கினால், பிரதிட்டை செய்த தெய்வம்போல உச்சிப்பொழுது வரையில் எழுந்திராது. தேயிலை பதனிடும் ஸ்டோரிலிருந்து வாடிய கொழுந்தின் மணம் அந்தப் பனியிலேயே ஏறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசல்தோறும் வந்து நிற்கும். அந்த மணத்தில் வளர்ந்தவர்கள் பின்னாளில் எந்த ஊரில் எந்தத் தேநீரைக் குடித்தாலும், ஒரு மிடறுக்குப் பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மலை இருக்கும் திசையைப் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்திலேயே முருகையா ஒரு பழைய காலத்தை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை. பழைய துரை ஊருக்குப் போய் அதிக நாள் ஆகவில்லை. ஆனால் தோட்டமே அவரை நினைத்துப் பெருமூச்சு விட்டது. அவர் ஏசினால் மூன்று மலைக்குக் கேட்கும். ஏச்சும் சுத்தமான திருச்சிப் பக்கத்துத் தமிழில் இருக்கும். ஏசி முடித்தால் முடிந்தது. மறுகணமே சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு சிரிப்பார். இந்தப் புதிய துரையோ ஏசுவதே இல்லை. மெல்லப் பேசுகிறார், யோசிக்கச் சொல்கிறார். ஏசாத துரையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

இதற்கு நடுவில்தான் பெரிய கணக்கப்பிள்ளை வேலை காலியாயிற்று. இருந்தவர் கண்பார்வை மங்கி, பிறந்த ஊருக்கே கப்பலேறிவிட்டார். மேல்கணக்கைப் பார்த்த முருகையாவும், பணியக்கணக்கு என்னும் கீழ்ப்பிரிவைப் பார்த்த இராசையாவும் அந்த இடத்துக்கு உரியவர்கள். பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுக்கப் போவதாகத் துரை அறிவித்திருந்தார். முருகையாவுக்கு அந்த வேலையைவிட அதனோடு வரும் ஓட்டு வீடு வேண்டியிருந்தது. லயத்தின் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், மழைக்காலம் முழுவதும் சுவரில் நீர் கசியும். அடுப்புப் புகை வெளியேற வழியின்றி மனைவி ஜெயலெட்சுமியின் நெஞ்சுக்குள் போய்க் குடியிருக்கும். மூச்சிழுப்பில் அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், முருகையா கதிர்காமத்தானிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காய்ந்த சுவர்.

அதற்காகவே அவர் முந்திரி, காணி, மா என்று பின்னக் கணக்காகிய கீழ்வாய் இலக்கம் முழுவதையும் திருப்புகழ்ச் சந்தத்தில் கட்டி, காலையும் மாலையும் பாராயணம் செய்துகொண்டிருந்தார். பரீட்சை என்றால் கணக்குத்தானே. எந்த நாளிலும் அழைப்பு வரலாம் என்று காத்திருந்தவரை, இந்த முட்டை வந்து இடறிவிட்டது.

ஜெயலெட்சுமி முழுவதையும் கேட்டுவிட்டு, அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

"ஏங்க, முட்டை போச்சுன்னா முட்டையைக் குடுத்திர வேண்டியதுதானே?"

"நான் எடுக்கலியே."

"எடுத்தவன் குடுக்க மாட்டான். எடுக்காதவன் குடுத்தா, இவன் எடுத்திருக்க மாட்டான்னு தொரைக்கே தோணிப்போயிரும்."

இதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் முருகையாவுக்கு அப்போது பட்டது. அடுத்த காம்பராப் பெரியாயி கோழி வளர்ப்பவள். அவளிடம் நல்ல முட்டையாக ஒன்று வாங்கி, தேயிலை வாதுகளை விலக்கிக்கொண்டு போய், மறுநாள் துரையின் முன்னால் இரு கைகளாலும் நீட்டினார்.

துரை முட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அழகான சிந்தனை. ஆனால் முட்டை விடை அல்ல. கோழியைப் பற்றி யோசி" என்று சொல்லி, முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முட்டையோடு இறங்கி வரும்போதே முருகையாவுக்கு விளங்கிவிட்டது. முட்டையை ஏற்க மறுத்தார் என்றால், காரியம் முட்டையோடு நிற்கவில்லை. கோழியே காணாமற் போயிருக்கிறது.

பெரியாயியிடம் முட்டை வாங்கியது பெரிய பிழை. அவள் வாய் தப்பைவிட விரைவாக ஊரைக் கூட்டும். பொழுது சாய்வதற்குள், பங்களாக் கோழியைக் காணோம் என்பது லயம் முழுவதும் பரவிவிட்டது. அதுவரையில் அந்தக் கோழியைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. அன்றைக்குப் பார்த்தால், அதைக் காணாதவர் ஒருவரும் இல்லை. செம்பட்டை நிறம் என்றார் ஸ்டோர்க் காவல்காரர். புள்ளி போட்டது என்று பெரியாயி அடித்துச் சொன்னாள். கப்பலில் பித்தளைக் கூண்டில் வந்ததாகவும், பண்டாரவளையிலிருந்து கம்பளி போர்த்தி வண்டியில் ஏற்றி வந்ததாகவும், கொண்டை மட்டும் ஒரு செம்பருத்திப் பூ அளவு இருக்கும் என்றும் சொன்னார்கள். அது கொக்கரித்தால் இங்கிலீசில் இருக்கும் என்று ஒருத்தி சொன்னதை மட்டும் இரண்டு பேர் நம்பவில்லை. முருகையாவும் கண்ணை மூடிப் பார்த்தார். சேவற்கொடியோனின் கொடியில் நின்று கூவுகிற அந்தச் சேவலுக்கு நெருங்கிய உறவாக, ஒளி வீசும் ஒரு பெட்டைக்கோழி அவர் அகக்கண்ணில் வந்து நின்றது.

லயத்தைச் சோதனை போடப் போகிறார்கள் என்ற பயம் அடுத்து எழுந்தது. கோழி வைத்திருந்தவர்கள் அவற்றைப் பாய்க்குள்ளும் பானைக்குள்ளும் ஒளித்தார்கள். தன் கோழியைக் காம்பராவில் விட்டுப்போக மனமில்லாத பெரியாயி, அதைக் கொழுந்துக் கூடையின் அடியில் படுக்க வைத்து, மேலே துணி போர்த்தி மலைக்கே எடுத்துப் போய்விட்டாள். கோழியும் தன் கௌரவத்துக்கு ஏற்றபடி அமைதியாகவே இருந்தது. ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில், துரை பக்கத்தில் நிற்கும்போது, பெரியாயி கூடையைக் கவிழ்த்ததும் பச்சைக் கொழுந்தின் நடுவில் ஒரு முட்டை உருண்டு வந்து நின்றது. அதன் பின்னாலேயே கோழியும் இறங்கி, இறகை உதறிவிட்டு, எல்லாரையும் ஒருமுறை பார்த்தது.



துரை குனிந்து முட்டையை எடுத்தார். "கூட்டுக்கு வெளியே" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தராசின் பக்கத்தில் நின்ற முருகையாவை ஆழ்ந்து நோக்கி, "நீ மிகவும் நெருங்கிவிட்டாய்" என்றார்.

 தோட்டத்தை விட்டு விரட்டப்படுவதற்குத்தான் நெருங்கிவிட்டோம் என்று முருகையா எடுத்துக்கொண்டார். பெரியாயியோ அங்கேயே உட்கார்ந்து மாரடிக்கத் தொடங்கிவிட்டாள்.

அன்று மாலை ஆற்றுப் பாலத்தில் இராசையா வழிமறித்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, நமக்குள்ள வேலைக்குப் போட்டிதான், இல்லேங்கலை. அதுக்காகக் கோழி முட்டை திருடுனேன்னு தொரைகிட்ட வத்தி வைக்கலாமா?"

"நானா? நீதானேடா என்னைப் பத்திச் சொல்லி வச்சே?"

இருவரும் பாலத்திலேயே உட்கார்ந்து, துரை கேட்டதைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். துரை அதே சொற்களை அதே வரிசையில் இராசையாவிடமும் கேட்டிருந்தார். பகை தீர்ந்தது, பயம் இரட்டித்தது. இருவர் மேலும் சந்தேகம் என்றால், கோள் சொன்னவன் மூன்றாமவன். அவன் எந்தப் புதரில் இருக்கிறானோ.

இராசையா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வேதக் கோயிலுக்குப் போகிற துரை, உண்மையை ஒப்புக்கொண்டவனை மன்னிப்பார் என்பது அவன் கணிப்பு. மறுநாட் காலையே போய்க் காலில் விழுந்தான். முட்டையைத் தானே எடுத்ததாகவும், அவித்து உப்பும் மிளகும் தொட்டுத் தின்றதாகவும், சீமை முட்டை என்பதால் சற்றே கவுச்சி அடித்ததாகவும் விவரமாகச் சொன்னான். துரை அவனைத் தூக்கி நிறுத்தி, தோளில் தட்டி, இரக்கத்தோடு ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார் முருகையா.

"'வருந்தாதே, நீ அதைச் சாப்பிட்டிருக்க முடியாது'ன்னாரு. சாமி சத்தியமாத் தின்னேன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குறாருண்ணே."

"நெசமாவே தின்னியா?"

"இல்லண்ணே. இருந்தாலும் ஒரு மனுசன் சொன்னா நம்பணும்ல."

கள்ளனே ஒப்புக்கொண்ட பிறகும் துரை ஏற்கவில்லை என்றால், அவர் மனத்தில் இருப்பது வேறொரு பெயர். அது தம்முடையதே என்று முருகையா முடிவு செய்தார். செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம். லுணுகலைக் கடைவீதிக்கு இறங்கி, புஹாரி நானாவின் கடையில் நின்று, இருப்பதிலேயே கம்பீரமான பெட்டைக்கோழியாக ஒன்று காட்டச் சொன்னார்.

"கறிக்கா, வளக்கவா?" என்றார் புஹாரி.

"மானத்துக்கு" என்றார் முருகையா.

புஹாரி அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், செம்பட்டையில் புள்ளி விழுந்த ஒரு கோழியின் காலைக் கட்டி, "உள்ளதுல இதுதான் ராசாத்தி" என்று கொடுத்தார். பொழுது இருக்கும்போதே முருகையா அதைச் சுமந்துகொண்டு மலையேறினார். பங்களாக் கேட்டில் சமையல்காரர் மாரிசாமி நின்றுகொண்டிருந்தார். புதிய துரையோடு அப்புத்தளைப் பக்கத்திலிருந்து வந்தவர். லயத்துப் பக்கம் இறங்கிப் பழகாதவர். கோழியைக் கையில் வாங்கியதும் அவர் முகத்தில் பெரிய வியப்புத் தோன்றியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அது என்ன வார்த்தையாக இருக்குமோ என்று அஞ்சி, முருகையா கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக இறங்கிவிட்டார்.

இறங்கும் வழியிலேயே ஆள் வந்து செய்தி சொன்னான். நாளைக் காலைப் பெரட்டில் துரைக்கு விடை வேண்டுமாம். கூடையில் முட்டையிட்ட கோழிக்கு உடையவளும் வந்து முன்னால் நிற்க வேண்டுமாம்.

ஜெயலெட்சுமி அன்று சோறு பொங்கவில்லை. சட்டி பானையை ஒரு மூட்டையாகக் கட்டிவிட்டு, சாமி படத்தை மட்டும் சுவரிலேயே விட்டுவைத்தாள்.

"ஓட்டு வீடு இல்லாட்டிப் போகுது. உங்களைக் கள்ளன்னு ஒரு சொல் சொன்னா, இந்த மலையில எனக்கு ஒரு வாய்த் தண்ணியும் வேணாங்க" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது.

காலையில் தப்பு அடித்தபோது, ஒவ்வோர் அடியும் முருகையாவின் நெஞ்சில் விழுந்தது. பனி வழக்கம்போல் இறங்கியிருந்தது. அந்தப் பனியையும், சாய்ந்து நின்ற சவுக்கு மரங்களையும், களத்தில் வரிசை வரிசையாய்க் கம்பளிக்குள் நடுங்கி நின்ற முகங்களையும் கடைசியாக ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்வதுபோல் பார்த்தார். அந்த நேரத்தில் அவை எல்லாம் எவ்வளவு அழகாய் இருந்தன என்பதை அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

துரை குதிரையிலிருந்து இறங்கினார். பெரியாயி முன்னால் நின்றாள். பேச்சுக்குப் பேர் போனவள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அந்தக் கோலத்தைக் கண்டதும் முருகையாவுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. தாம் போனாலும் போகட்டும், ஒன்றும் அறியாத இவள் மேல் பழி விழக்கூடாது என்று ஓரடி முன்னால் வந்தார்.

"தொரைங்களே, ஒரு வார்த்தை. கோழி தெனமும் முட்டை போடும்னு சொன்னீங்க. சரிங்க. அது நேத்து வரைக்கும் போட்ட கோழி. இன்னிக்கும் போட்டுச்சுன்னு பார்த்தவங்க யாருங்க? பார்த்தவங்க இருந்தா முன்னால வரட்டும். போட்ட முட்டை காணாமப் போனாத்தானே எடுத்தவன்னு ஒருத்தன் வேணும்? அந்தக் கோள்காரன் மனசுக்குள்ள வச்சிருக்கிறது ஆளு பேரு இல்லீங்க. கோழி இன்னிக்கும் போட்டிருக்கும்னு அவனா நெனைச்சுக்கிட்டான். அந்த நெனைப்புத்தாங்க எல்லாத்துக்கும் காரணம்."

 ஒரு துரையின் முகத்துக்கு நேராக இவ்வளவு நீளமாக யாரும் பேசிக் களம் கேட்டதில்லை.

துரை தொப்பியைக் கழற்றினார். அவர் கண்கள் பளபளத்தன.

"சரி. மிகச் சரி. இந்தப் பெண்ணின் கோழி கூடையில் இட்டது. அதனால் கூடு என்பதும் ஓர் எண்ணமே என்று காட்டத்தான் அவளை வரச் சொன்னேன். நீ அதனினும் ஆழமாகப் போய்விட்டாய். இன்று முதல் நீயே பெரிய கணக்கப்பிள்ளை."

களத்தில் எழுந்த ஆரவாரத்தில் பனியே கொஞ்சம் விலகியது. பெரியாயி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அதன் பிறகு அவள் பேச்சை நிறுத்த ஒருவராலும் ஆகவில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து முருகையாவைத் தோளோடு அணைத்துக்கொண்டவன் இராசையாதான்.

கட்டின மூட்டை அவிழ்க்கப்படாமலே ஓட்டு வீட்டுக்குப் போயிற்று. முருகையா முதலில் சுவரைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. சாமி படத்தை மாட்டிவிட்டு, உரக்க ஒரு பதிகம் பாடி முடித்து வெளியே வந்தபோது, ஜெயலெட்சுமி முற்றத்து வெயிலில் மூச்சு இரையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை.

"அப்ப பரீட்சை எப்பங்க வைப்பாரு?"

"முட்டை விவகாரம் தீர்ந்த சந்தோசத்துல அதை மறந்துட்டாரு போல. நாமளா ஞாபகப்படுத்த வேணாம்" என்றார் முருகையா, குரலைத் தாழ்த்தி.

அப்போதுதான் சமையல்காரர் மாரிசாமி, புஹாரியின் ராசாத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்தார். துரை இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாராம். ஜெயலெட்சுமி மனம் நிறைந்து கோழியை வாங்கிக்கொண்டாள். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, உபசாரமாக நாலு வார்த்தை பேச வேண்டுமே என்று, பங்களாவில் இருக்கிற சீமைக் கோழி இப்போது ஒழுங்காக முட்டை போடுகிறதா என்று விசாரித்தாள்.

மாரிசாமி கோப்பையை வாயிலிருந்து எடுத்தார்.

"பங்களாவுல ஏதுங்கம்மா கோழி? தொரைக்குக் கோழிச் சத்தமே ஆகாது. அவரு பரீட்சைக்குன்னு எங்கிட்டத் தமிழ் கேட்டுக் கட்டுன கேள்வியில மட்டுந்தாங்க அந்தக் கோழி இருந்துச்சு."